டுட்ரா: மூன்று கண்டம் கண்ட குடும்பப்பெயர்

அமெரிக்காவில் இது போர்ச்சுகீசியப் பெயர். போர்ச்சுகலிலோ இதுவே குடியேறி வந்த பெயர். ஓர் எரிமலைத் தீவில் உருமாறி, திமிங்கிலக் கப்பல் ஏறிப் போன இந்த மூன்றெழுத்துப் பெயரின் பின்னணி என்ன?

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் 1492இல் மார்ட்டின் பெஹைம் என்பவரின் மேற்பார்வையில் ஓர் உலக உருண்டை தயாரானது. இன்றைக்கு மிஞ்சியிருக்கும் பூகோள உருண்டைகளில் அதுதான் மிகப் பழையது. கொலம்பஸ் ஊர் திரும்புவதற்கு முன் செய்தது என்பதால் அதில் அமெரிக்கா கிடையாது. ஐரோப்பாவுக்கு மேற்கே பெருங்கடல், அதைத் தாண்டினால் நேராக ஆசியா. அந்தக் கடலின் நடுவே அசோரஸ் தீவுகள் இருக்கும் இடத்தில் பொடி எழுத்தில் ஒரு நீண்ட குறிப்பைச் சேர்த்திருக்கிறார் பெஹைம். தீவுகளுக்கு ஃபிளாண்டர்ஸ் நாட்டிலிருந்து ஏறக்குறைய 2,000 பேர் போய்க் குடியேறினார்கள், அங்கே ஆட்சி செய்பவர் என் மாமனார் என்பது அதன் சாரம்.

உலகத்தையே வரைய வாய்ப்புக் கிடைத்தபோது மாமனாருக்கும் ஓர் இடம் ஒதுக்கிய மருமகன்! அந்த மாமனாரின் பெயர் யோஸ் வான் ஹுர்த்தெரே. இன்று பிரேசிலிலும் கலிபோர்னியாவிலும் மாசசூசெட்ஸிலும் டுட்ரா என்று கையெழுத்துப் போடுகிறவர்களின் பெயர் தொடங்குவது இவரிடம்தான். அந்தப் பெயர் பிற்பாடு போய் ஊன்றிக்கொண்ட நிலப்பரப்புகளுக்கு மருமகனின் உருண்டையில் இடமே இல்லை என்பதைச் சும்மா சொல்லி வைக்கிறேன்.

வெள்ளி தேடி வந்தவர்

லிஸ்பனுக்கு மேற்கே ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் நடுவில் சிதறிக் கிடக்கும் ஒன்பது எரிமலைத் தீவுகள் அசோரஸ். போர்ச்சுகீசியர்கள் 15ஆம் நூற்றாண்டில் போய்ச் சேர்ந்தபோது அங்கே மனிதர் யாரும் இல்லை. அந்த ஒன்பதில் ஒன்று ஃபயால். மொத்தப் பரப்பே சுமார் 173 சதுர கிலோமீட்டர்தான்.

ஃபிளாண்டர்ஸில், இன்றைய பெல்ஜியத்தின் புரூஷ் நகரத்துப் பக்கத்தைச் சேர்ந்தவர் ஹுர்த்தெரே. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லிஸ்பனில் அச்சகம் நடத்திய வாலெந்தீம் ஃபெர்னாந்தெஸ் திரட்டிவைத்த குறிப்புகளில் இவருடைய கதை வருகிறது. மேற்குக் கடலில் வெள்ளியும் வெள்ளீயமும் கொழிக்கும் தீவு இருக்கிறது என்று ஒரு துறவி சொன்ன பேச்சை நம்பி, 1465 வாக்கில் 15 ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார் மனிதர். ஃபயாலின் கிழக்குக் கரையில் இறங்கினார்கள். ஓராண்டு தோண்டியும் வெள்ளியும் கிடைக்கவில்லை, வெள்ளீயமும் கிடைக்கவில்லை. கிடைத்தது எரிமலைக் கல். பட்டினியில் வெறுத்துப் போன ஆட்கள் தலைவரையே தீர்த்துக்கட்டப் பார்க்க, அவர் தப்பித்து ஊருக்கு ஓடினார்.

அத்தோடு முடிந்திருந்தால் டுட்ரா என்ற பெயரே உண்டாகியிருக்காது. ஆனால் அப்போது ஃபிளாண்டர்ஸை ஆண்ட பர்கண்டி கோமகன் பிலிப்பின் மனைவி இசபெல், போர்ச்சுகல் அரசகுமாரி. கடற்பயணங்களை ஊக்குவித்த இளவரசர் ஹென்ரிக்கின் உடன்பிறந்த தங்கை. அவருடைய ஆதரவில் ஹுர்த்தெரே மறுபடியும் ஆள் சேர்த்தார். போரிலும் பஞ்சத்திலும் நொந்து போயிருந்த ஃபிளாண்டர்ஸில் கிளம்பி வர ஆட்களுக்குக் குறைவில்லை. 1468 பிப்ரவரியில் போர்ச்சுகல் அரச குடும்பம் அவரை ஃபயால் தீவின் முதல் கேப்டன் ஆக்கியது. இந்தப் பதவியை நம் ஊர்ப் பாளையப்பட்டு போல நினைத்துக்கொள்ளலாம்: நிலத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் உரிமை, வரியில் பங்கு, நீதி சொல்லும் அதிகாரம், எல்லாமே மகனுக்குப் போகும். 1482இல் எதிரே தெரியும் பீக்கோ தீவும் அவர் கைக்கு வந்தது.

இரண்டாவது முறை அவர்கள் வெள்ளி தேடவில்லை. பாஸ்டல் பயிரிட்டார்கள். அதன் இலையை அரைத்துப் புளிக்க வைத்தால் நீலச் சாயம் கிடைக்கும். ஃபிளாண்டர்ஸின் நெசவுத் தொழிலுக்கு அது உயிர்ச்சரக்கு. பிற்காலத்தில் இந்தியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் போன அவுரி நீலம்தான் அந்தப் பயிரை ஓரங்கட்டியது.

ஐரோப்பிய வரைபடங்களில் நெடுங்காலம் அசோரஸுக்கு 'ஃபிளெமிஷ் தீவுகள்' என்றே பெயர். ஃபயாலில் ஃபிளமெங்கோஸ், அதாவது ஃபிளெமிஷ்காரர்கள், என்ற பெயரில் ஒரு கிறிஸ்தவக் கோயில் பங்கு இன்னமும் இருக்கிறது. ஆனால் அவர்களுடைய மொழி ஒருசில தலைமுறைகளில் கரைந்து போர்ச்சுகீசியத்தில் கலந்துவிட்டது. தங்கியது பெயர்கள்தான். அவையும் பழைய உருவத்தில் இல்லை.

ஹுர்த்தெரே எப்படி டுட்ரா ஆனார்?

போர்ச்சுகீசிய நாக்கு சொல்லின் முதலில் வரும் ஹகரத்தை உச்சரிக்காது. ஆகவே ஹுர்த்தெரே முதல் அடியிலேயே உர்த்தெரே ஆகிவிட்டது. நடுவில் நின்ற ரகரம் தேய்ந்து, கடைசி உயிரெழுத்து மாறி, 'உத்ரா' ஆனது. ஊர்ப்பெயருக்கு முன் வரும் ஃபிளெமிஷ் 'வான்' என்ற சொல்லுக்குப் போர்ச்சுகீசிய ஈடு 'டி'. 'டி உத்ரா' என்று எழுதி, உயிருக்கு முன் உயிர் கெட்டு, ஒட்டிச் சொன்னால் 'டுட்ரா'. இது ஒரே நாளில் நடந்த மாற்றம் இல்லை. பழைய ஆவணங்களில் உத்ரா, ஹுத்ரா, டுட்ரா எல்லாம் கலந்தே கிடக்கின்றன.

ஆக, போர்ச்சுகீசிய மொழியில் டுட்ராவுக்குத் தனிப் பொருள் எதுவும் இல்லை. ஒலியில் அதற்குப் பக்கத்தில் நிற்கும் 'டோட்ரா' என்ற சொல்லுக்கு 'இன்னொருத்தியுடைய' என்று பொருள் என்றாலும், இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

தீவின் தலைநகர் பெயரிலும் இதே சிக்கல். ஊரின் பெயர் ஓர்த்தா. போர்ச்சுகீசியத்தில் 'ஓர்த்தா' என்றால் காய்கறித் தோட்டம். மண் வளமான இடம் என்பதால் அந்தப் பொருளும் பொருந்தத்தான் செய்கிறது. ஆனாலும் ஹுர்த்தெரேயின் பெயர்தான் உள்ளூர் நாக்குக்குப் பழகிய சொல்லாக மாறி ஊருக்குத் தங்கிவிட்டது என்பதே பரவலான கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஊரை உண்டாக்கிய கேப்டன் உயிரோடு இருந்த காலத்தில் காய்கறித் தோட்டத்தின் பெயரையா வைத்திருப்பார்கள்?

ஹுர்த்தெரேவுக்குப் பிறகு ஃபயாலுக்கு வந்த வில்லெம் வான் டெர் ஹாகனின் கதை வேறு. அவர் ஹுர்த்தெரேயோடு ஒத்துப்போகாமல் தெர்செய்ரா தீவுக்குப் போய், ஃபுளோரெஸ் தீவில் சில காலம் கழித்து, கடைசியில் சாவ் ஜோர்ஜ் தீவின் தோப்பு என்ற ஊரில் நிலைகொண்டார். 'ஹாகன்' என்பதில் இருப்பது வேலிப்புதர். போர்ச்சுகீசியத்தில் முட்புதருக்கு 'சில்வெய்ரா'. எனவே அவர் கில்யெர்மே ட சில்வெய்ரா ஆனார். ஒருவர் பெயர் ஒலி தேய்ந்து மாறியது. இன்னொருவர் பெயர் பொருள் பெயர்ந்து மாறியது. சில்வெய்ரா என்ற பெயர் போர்ச்சுகலில் முன்பே இருந்ததால், இன்றுள்ள சில்வெய்ராக்களில் யார் ஃபிளெமிஷ் வழி, யார் உள்நாட்டு வழி என்று பெயரை வைத்துப் பிரிக்க முடியாது. டுட்ராவுக்கு அந்தக் குழப்பம் இல்லை. போர்ச்சுகலின் நிலப்பகுதியில் அரிதான பெயர் அது. கேட்டதுமே அசோரஸ் என்று சொல்லிவிடலாம். இந்த அரிய தன்மைதான் பெயரின் பலம்.

எல்லா டுட்ராவும் கேப்டன் பேரனா?

இல்லை. குடும்ப வரலாறு தேடும் அமெரிக்கர்களில் பலர் கேட்க விரும்பாத பதில் இது.

அப்பா பெயரே பிள்ளைக்குக் கட்டாயக் குடும்பப்பெயர் என்ற வழக்கம் போர்ச்சுகலில் நெடுங்காலம் இறுகவில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டில் குழந்தையின் முதற்பெயரை மட்டும் எழுதுவார்கள். வளர்ந்த பிறகு அவன் அப்பா வழிப் பெயரை எடுத்துக்கொள்வான், அல்லது அம்மா வழி, அல்லது பாட்டி வழி. சொத்து எந்தப் பக்கம் இருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துப் பெயருக்குக் கவர்ச்சி அதிகம் என்பது மனித இயல்பு. மூத்தவன் டுட்ரா, இளையவன் சில்வெய்ரா என்று ஒரே வீட்டில் இரண்டு பெயர் இருப்பதில் யாருக்கும் வியப்பு இல்லை. பெண்களுக்குப் பெரும்பாலும் குடும்பப்பெயரே கிடையாது. மரியா டி ஜெசுஸ், மரியா டு எஸ்பிரிட்டு சாந்து, அதாவது இயேசுவின் மரியா, பரிசுத்த ஆவியின் மரியா என்று பக்திப்பெயரோடு வாழ்ந்து முடித்துவிடுவார்கள். இதற்கு மேல் ஊரார் வைத்த பட்டப்பெயர் வேறு. அமெரிக்கா போனவர்கள் சிலருக்கு அந்தப் பட்டப்பெயரே குடும்பப்பெயராக நிலைத்தும் விட்டது.

கேப்டன் வீட்டுப் பெயர் என்றால் கேட்க வேண்டுமா? ஞானப்பிள்ளைகள், வேலையாட்கள், அடிமைகள் என்று அந்த வீட்டைச் சுற்றி வாழ்ந்த பலரும் பெரிய வீட்டுப் பெயரை ஏற்றிருக்க வழியுண்டு. நம் முத்துக்குளித்துறை வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1530களில் பரதவர் மக்கள் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றபோது வந்தவைதான் பர்னாந்து, மச்சாடு, மிராண்டா, ரொட்ரிகோ எல்லாம். அவை போர்ச்சுகீசிய ரத்தத்தைக் காட்டும் பெயர்கள் அல்ல. திருமுழுக்கின்போது ஏற்ற பெயர்கள். தூத்துக்குடி பர்னாந்துவும் லிஸ்பன் ஃபெர்னாந்தோவும் பங்காளிகள் இல்லை என்று நமக்குத் தெரியும். ஃபயால் டுட்ராவுக்கும் அதே கணக்குத்தான்.

கேப்டன் வம்சத்தில் ஒரு கிளைக்கதை உண்டு. ஹுர்த்தெரேயின் மகனும் அப்பா பெயரே கொண்டவர். அவர் மணந்தது இசபெல் கோர்ட்டெ-ரியல் என்ற பெண்ணை. அவளுடைய அண்ணன் தம்பிகள் காஸ்பர், மிகேல் இருவரும் வட அமெரிக்கக் கடலில் காணாமல் போனவர்கள். 1501இல் காஸ்பர் திரும்பவில்லை. அவரைத் தேடிப் போன மிகேலும் 1502இல் திரும்பவில்லை. 400 ஆண்டுகளுக்குப் பிறகு பிரவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்மண்ட் டெலபார், மாசசூசெட்ஸில் டைட்டன் பாறை என்ற கல்லில் இருக்கும் கீறல்களுக்கு நடுவே மிகேலின் பெயரும் 1511 என்ற ஆண்டும் தெரிவதாகச் சொன்னார். ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. ஆனால் அந்தக் கல் இருக்கும் இடம் அசோரஸ் குடியேறிகள் நிரம்பிய ஃபால் ரிவர் நகரத்துக்குப் பக்கம். நூற்பாலையில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த சனத்துக்கு, 'எங்கள் ஆள் உங்களுக்கு முன்பே வந்துவிட்டான்' என்று சொல்லிக்கொள்ள ஒரு கல் கிடைத்தால் விடுவார்களா?

பிரேசில்: சாலையான பெயர்

1748 தொடங்கி எட்டே ஆண்டுகளில் சுமார் 6,000 அசோரஸ் மக்களைத் தென் பிரேசிலில் குடியேற்றியது போர்ச்சுகல் அரசு. ஸ்பானியர்களிடம் போகாமல் அந்த எல்லைப் பகுதியைக் காக்கச் சனம் தேவைப்பட்டது. தீவுகளிலோ இருக்க இடமில்லாத நெருக்கம். இன்றைய சாந்தா கதரினா, ரியோ கிராண்டே டு சுல் மாநிலங்களின் ஊர்கள் பலவற்றில் அவர்களுடைய கால் தடம் இருக்கிறது.

டுட்ரா என்ற பெயர் உலகத்துக்குத் தெரிந்ததும் பிரேசிலால்தான். 1946 முதல் 1951 வரை குடியரசுத் தலைவராக இருந்தவர் எவுரிக்கோ காஸ்பர் டுட்ரா. பதவிக்கு வந்த சில மாதங்களிலேயே நாடெங்கும் சூதாட்ட விடுதிகளை மூடினார். 1951 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவையும் சாவ் பாவ்லோவையும் இணைக்கும் சுமார் 400 கிலோமீட்டர் நெடுஞ்சாலையைத் திறந்து வைத்தார். சாலைக்கு அவர் பெயரே வந்தது. இன்று பிரேசிலில் ஒருவர் 'டுட்ராவில் மாட்டிக்கொண்டேன்' என்றால் சாலையில் நெரிசல் என்று அர்த்தம். தலைவரை நினைப்பவர்கள் குறைவு.

இரவோடு இரவாகக் கப்பல் ஏறியவர்கள்

அமெரிக்காவுக்கு டுட்ராக்களைக் கொண்டுபோனது திமிங்கிலம். 19ஆம் நூற்றாண்டில் நாண்டக்கெட், நியூ பெட்ஃபோர்டு துறைமுகங்களிலிருந்து கிளம்பிய திமிங்கில வேட்டைக் கப்பல்கள் ஓர்த்தாவில் நின்று தண்ணீரும் காய்கறியும் ஏற்றிக்கொள்ளும். கூடவே ஆட்களும் ஏறுவார்கள். ஹெர்மன் மெல்வில் தன் 'மோபி டிக்' நாவலில் திமிங்கிலக்காரர்களில் அசோரஸ் ஆட்கள் பலர் இருப்பதைக் குறிப்பிடுகிறார். சம்பளம் குறைவு. வேலை கொடூரம். ஆனாலும் ஏறினார்கள். 1850களில் திராட்சைக் கொடிகளைப் பூஞ்சை நோய் அழித்து, ஃபயால் வழியாக ஏற்றுமதியான பீக்கோ ஒயின் வணிகம் படுத்துவிட்டது. ஊரில் இருந்தால் கட்டாய ராணுவ சேவை. கடவுச்சீட்டு இல்லாமல் இரவில் படகில் போய்க் கப்பலைப் பிடிப்பதற்கு உள்ளூர்ப் பேச்சில் 'சால்ட்டு', அதாவது குதிப்பு, என்று பெயர். போய்ப் பணத்தோடு திரும்பி வருகிறவனுக்கு 'கலாஃபோனா' என்று பெயர். கலிபோர்னியாக்காரன் என்ற பொருள். கேலியும் பொறாமையும் சேர்ந்த சொல்.

அமெரிக்காவில் பெயர் மாறிய விதம் பற்றி ஒரு கட்டுக்கதை நீண்ட காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது: எல்லிஸ் தீவில் குடியேற்ற அதிகாரி வாயில் நுழையாத பெயரை வெட்டி எழுதினார் என்பது. உண்மையில் அதிகாரிகள் கையில் இருந்தது, புறப்பட்ட துறைமுகத்திலேயே தயாரான பயணிகள் பட்டியல். அதைச் சரிபார்ப்பதுதான் அவர்கள் வேலை. தவிர, அசோரஸ் மக்களில் பெரும்பாலோர் இறங்கியது நியூ பெட்ஃபோர்டு, பாஸ்டன், பிராவிடன்ஸ் துறைமுகங்களில். பெயரை மாற்றியவர்கள் கப்பல் கேப்டன், ஆலைக் கணக்குப்பிள்ளை, பள்ளி ஆசிரியை, பல நேரம் குடியேறியவர்களே. பெரெய்ரா பெர்ரி ஆனார். ரொட்ரிகெஸ் ரோஜர்ஸ் ஆனார். ஒலிவெய்ரா ஆலிவர். இனாசியோ ஈனோஸ். சிலர் பொருளையே பெயர்த்தார்கள். அரசர்கள் என்று பொருள்படும் ரெய்ஸ், கிங் ஆனார். நானூறு ஆண்டுகளுக்கு முன் வான் டெர் ஹாகனுக்கு நேர்ந்தது அப்படியே மறுபடியும் நடந்தது.

டுட்ராவுக்கு இந்தத் தொல்லை குறைவு. இரண்டே அசை. ஆங்கில வாயில் சிக்கலில்லாமல் உருளும். பொருள் பெயர்க்கலாம் என்றால் பொருளே இல்லை. எனவே பெரிய சேதமில்லாமல் தப்பிவிட்டது. கலிபோர்னியாவில் சேக்ரமெண்டோ ஆற்றுக் கழிமுகத்துச் சதுப்பு நிலங்களைக் கரைகட்டி விளைநிலமாக்கிய தூர்வாரும் தொழிலில் பெயர் பெற்றது ஒரு டுட்ரா குடும்பம். ரியோ விஸ்டா என்ற சிற்றூரில் அந்தத் தொழிலுக்கென்று ஓர் அருங்காட்சியகமே அந்தப் பெயரில் உண்டு.

எரிமலை எழுதிய சட்டம்

1921க்குப் பின் அமெரிக்கா கதவைச் சாத்தியது. நாட்டுவாரி ஒதுக்கீட்டில் போர்ச்சுகலுக்குக் கிடைத்தது சொற்பம். 1957 செப்டம்பர் 27 அன்று ஃபயாலின் மேற்கு முனையில், கபெலின்யோஸ் கலங்கரை விளக்கத்துக்கு எதிரே கடல் கொதிக்கத் தொடங்கியது. கடலுக்கடியில் எரிமலை. 1958 அக்டோபர் வரை, 13 மாதம் அது அடங்கவில்லை. சாம்பல் கொட்டி வயல்கள் மூடின. கூரைகள் இற்று விழுந்தன. கலங்கரை விளக்கத்தின் கீழ்த்தளம் சாம்பலில் புதைந்தது. பாதிப் புதைந்த அந்தக் கோபுரம் இன்னும் நிற்கிறது.

அப்போது அமெரிக்க செனட்டில் இருந்த ரோட் ஐலண்டின் ஜான் பாஸ்டோரும் மாசசூசெட்ஸின் ஜான் எஃப். கென்னடியும் சேர்ந்து ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார்கள். இரண்டு பேருடைய தொகுதியிலும் அசோரஸ் வாக்காளர்கள் நிறைய என்பதையும் மறந்துவிட வேண்டாம். 1958 செப்டம்பரில் அசோரஸ் அகதிகள் சட்டம் நிறைவேறியது. ஒதுக்கீட்டுக்கு வெளியே 1,500 குடும்பத் தலைவர்களுக்கு விசா. அவர்கள் பின்னால் மனைவி மக்கள், 1965இல் ஒதுக்கீட்டு முறை ஒழிந்ததும் அண்ணன் தம்பிகள் என்று தீவு காலியானது. 1950இல் 24,000 பேருக்குச் சற்றுக் குறைவாக இருந்த ஃபயாலின் மக்கள்தொகை 2021 கணக்கில் 14,000 சொச்சம்.

கேடயம் வாங்காதீர்கள்

குடும்பப்பெயரைச் சொன்னால் குலச்சின்னம் அச்சடித்த கேடயம், கோப்பை, சட்டகம் போட்ட வரலாறு எல்லாம் விற்கும் வியாபாரம் அமெரிக்காவில் பெரிது. டுட்ராவுக்கும் கிடைக்கும். காசுக்குப் பிடித்த கேடு. சின்னம் கொடுக்கப்பட்டது ஒரு மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும். அந்தப் பெயர் வைத்த எல்லாருக்கும் அல்ல. வாங்குகிறவர் அந்த வாரிசு என்பதற்கு விற்பவரிடம் எந்த ஆதாரமும் இல்லை.

தேட விரும்புகிறவருக்கு நல்ல வழி இருக்கிறது. 1860 முதல் போர்ச்சுகல் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவுகள் ஒரே படிவத்தில் எழுதப்பட்டன. குழந்தையின் பெற்றோர், அவர்கள் தொழில், இரு வழித் தாத்தா பாட்டி பெயர்கள் எல்லாம் அதில் இருக்கும். 1911இல் குடியரசு ஆட்சி குடிமைப் பதிவைக் கட்டாயமாக்கும் வரை இந்தப் புத்தகங்கள்தான் அடிப்படை. அசோரஸ் பங்குகளின் பதிவேடுகள் படமெடுக்கப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓர்த்தாவிலிருந்து போனவர்களின் கடவுச்சீட்டுப் பதிவுகளும் உண்டு. இரவில் குதித்துப் போனவர்கள் மட்டும் அதில் அகப்பட மாட்டார்கள். அங்கே தேடும்போது குடும்பப்பெயரை வைத்துத் தேடினால் பத்து டுட்ராக்கள் வந்து குழப்புவார்கள். பங்கின் பெயரும் பாட்டியின் பெயரும் தெரிந்தால் போதும்.

நம் கடற்கரையிலும் இலங்கையிலும் போர்ச்சுகீசியப் பெயர் தாங்கிய குடும்பங்களுக்கும் இதையே சொல்வேன். லிஸ்பனில் வேர் தேடிப் பயனில்லை. உங்கள் பங்குக் கோயிலின் பழைய திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று போய்க் கேளுங்கள். உப்புக்காற்றும் செல்லும் மிச்சம் வைத்திருந்தால், பங்குத் தந்தையின் அனுமதியோடு இப்போதே படமெடுத்து வையுங்கள்.